பதினோரு மணிக்கு நின்ற ஊர்: வின்னிபெக் பயணக் குறிப்புகள்

வியாழன் இரவு

நேற்றுக் காலை டொரண்டோவில் ஏறிய ரயில் இன்று மாலை வின்னிபெக் யூனியன் ஸ்டேஷனில் கொண்டுவந்து சேர்த்தது. காடும் பாறையும் ஏரியுமாக மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த ஜன்னலில் சட்டென்று நிலம் தட்டையானது. வானம் பெரிதானது. அந்த இடத்தில் இந்த ஊர் வந்துவிடுகிறது. ஜூன் மாதம் என்பதால் இரவு ஒன்பது மணிக்கும் வெயில் சாயவில்லை.

ஸ்டேஷனின் குவிமாடத்துக்குக் கீழே பையை இறக்கி வைத்துவிட்டுச் சிறிது நேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். 1919 தொடக்கத்தில் ஐரோப்பியப் போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்கள் ரயில் ரயிலாக இந்த ஊரில் வந்து இறங்கினார்கள். விட்டுச் சென்ற வேலை பலருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. போர்க்காலத்தில் ஏறிய விலைவாசி இறங்கவில்லை, கூலி அதற்கு ஈடாக ஏறவும் இல்லை. போர்த்தளவாட ஒப்பந்தங்களில் யார் யார் பணம் பார்த்தார்கள் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. போதாக்குறைக்கு, இன்ஃபுளுயன்சா காய்ச்சல் இந்த ஊரில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிருந்தது. நாட்டுக்காக உயிரைக் கொடு என்று அனுப்பிவைத்தவர்கள், திரும்பி வந்தவனுக்கு வயிற்றுப்பாட்டுக்கு வழி சொல்லவில்லை.

முதல் உலகப் போர் முடிந்த கையோடு உலகின் பல மூலைகளிலும் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1919 ஜனவரியில் கிளாஸ்கோவில் வாரத்துக்கு 40 மணி நேர வேலை கேட்டு நடந்த போராட்டத்தின்போது நகருக்குள் ராணுவம் இறங்கியது. பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சில நாட்கள் அசையாமல் நின்றது. வின்னிபெக் ஆறு வாரம் நின்றது. மே 15 முதல் ஜூன் 26 வரை. கனடாவின் வரலாற்றில் இன்றுவரை இந்தப் பொது வேலைநிறுத்தத்தைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

இதைப் பற்றிப் படிக்கப் படிக்க ஓர் எண்ணம் எனக்குள் வலுத்துக்கொண்டே வந்தது. நம்மவன் யார், அந்நியன் யார் என்று போர் ஒரு கோடு போடுகிறது. போர் முடிந்தாலும் அந்தக் கோடு அழிவதில்லை. வின்னிபெக் தொழிலாளர்களைப் பசியால் உடைக்க முடியவில்லை. அந்தக் கோட்டை வைத்துத்தான் உடைத்தார்கள். கோடு எங்கெல்லாம் ஓடியது என்று அந்தந்த இடத்தில் நின்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

வெள்ளி

காலையிலேயே மெயின் தெருவுக்குப் போய்விட்டேன். அகலமென்றால் அப்படி ஓர் அகலம். ஒருபுறம் இன்றைய நகர மண்டபம், 1960களில் கட்டிய நேர்கோட்டுக் கட்டடம். 1919இல் இங்கே நின்ற பழைய மண்டபத்தை இடித்துவிட்டார்கள். ஆனால் பக்கத்திலேயே 1904இல் எழும்பிய யூனியன் வங்கிக் கோபுரம் இன்னும் நிற்கிறது, இப்போது அதற்குள் சமையற்கலைக் கல்லூரி. வளைந்த வெள்ளை முகப்போடு கான்ஃபெடரேஷன் லைஃப் கட்டடமும் அப்படியே இருக்கிறது. அன்றைய புகைப்படங்களைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, எந்த மூலையில் எந்தக் கூட்டம் நின்றது என்று ஒப்பிட்டுக்கொண்டே நடக்கலாம். இந்த வட்டாரத்துக்கு எக்ஸ்சேஞ்ச் டிஸ்ட்ரிக்ட் என்று பெயர். கோதுமை வியாபாரம் கொழித்த காலத்தின் செங்கல் கிடங்குகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பக்கச் சுவர்களில் அந்தக் கால விளம்பர எழுத்துகள் பாதி அழிந்தும் அழியாமலும் தெரிகின்றன. ஒரு சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். செங்கல்லின் சொரசொரப்புக்கு மேல் பெயின்ட் மெல்லிய தோலாக ஒட்டிக்கொண்டிருந்தது.

சண்டை தொடங்கியது மிகச் சாதாரணமான ஒரு கேள்வியில்தான். 1919 மே மாதத் தொடக்கத்தில் கட்டடத் தொழிலாளர்களும் உலோகத் தொழிலாளர்களும் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். வல்கன் அயர்ன் வொர்க்ஸ், மனிடோபா பிரிட்ஜ், டொமினியன் பிரிட்ஜ் என்று மூன்று பெரிய உலோகப் பட்டறைகள். பட்டறைகளின் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கவுன்சிலாக வந்து பேசுவோம் என்றன. உங்கள் கவுன்சிலோடு பேச மாட்டோம் என்றார்கள் முதலாளிகள். இவ்வளவுதான். கூட்டுப் பேர உரிமை என்கிறோமே, அது. ஆலையைக் கைப்பற்றுவோம், ஆட்சியைப் பிடிப்போம் என்ற பேச்சே கோரிக்கையில் கிடையாது.

நகரத்தின் தொழிற்சங்கக் கவுன்சில் எல்லாச் சங்கங்களிடமும் வாக்கெடுப்பு நடத்தியது. பொது வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக 11,000க்கும் மேற்பட்ட வாக்குகள், எதிராக ஐந்நூற்றுச் சொச்சம். மே 15, வியாழக்கிழமை, காலை 11 மணிக்கு என்று முடிவானது.

ஆனால் முதலில் வெளியேறியவர்கள் 11 மணிவரை காத்திருக்கவில்லை. காலை 7 மணிக்குத் தொலைபேசி இணைப்பகங்களில் இரவு வேலை முடித்த பெண்கள் எழுந்து போனார்கள். அடுத்த முறைக்கு வரவேண்டிய பெண்கள் வரவில்லை. ‘ஹலோ கேர்ள்ஸ்’ என்று அவர்களை அழைப்பார்கள். சுமார் ஐந்நூறு பேர். கனடாவின் மிகப் புகழ்பெற்ற வேலைநிறுத்தத்தைத் தொடங்கிவைத்தவர்கள் அந்தப் பெண்கள்தான். வரலாறு என்றாலே மேடையில் பேசிய ஆண்களின் பெயர்தான் முன்னால் வருகிறது, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

11 மணிக்கு டிராம்கள் நின்றன. ரொட்டிக் கூடம், பால் வண்டி, தபால், தந்தி, தையற்கூடம், ஹோட்டல், லிஃப்ட், தீயணைப்பு என்று ஒவ்வொன்றாக நின்றன. நகரில் சங்க உறுப்பினர்கள் சுமார் 12,000 பேர்தான். வெளியேறியவர்கள் 30,000க்கும் மேல். அதாவது பாதிக்கும் மேற்பட்டவர்கள் எந்தச் சங்கத்திலும் இல்லாதவர்கள். ஊர் மக்கள்தொகை ஏறத்தாழ 1,80,000. குடும்பத்தோடு கணக்குப் போட்டால் ஊரில் பாதிக்கும் கிட்டே வந்துவிடும்.

போலீஸ்காரர்களும் வேலைநிறுத்தத்துக்குத்தான் வாக்களித்தார்கள். நீங்கள் வேலையில் இருங்கள், ஊரில் ஒழுங்கு குலையக் கூடாது என்று அவர்களைத் திருப்பி அனுப்பியதே வேலைநிறுத்தக் குழுதான். யாரும் வம்புக்குப் போகாதீர்கள், வீட்டோடு இருங்கள், ஒன்றும் செய்யாமல் இருப்பதே வெற்றிக்கு வழி என்று அவர்களின் பத்திரிகை நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தது. வாரக்கணக்கில் அந்தக் கட்டுப்பாடு குலையவில்லை. முப்பதாயிரம் பேர் வேலையில்லாமல் தெருவில் இருந்த ஊரில்!

குழந்தைகளுக்குப் பால் வேண்டும், நோயாளிகளுக்கு ரொட்டி வேண்டும். அதற்காகச் சில வண்டிகளை ஓட அனுமதித்தார்கள். கருங்காலி வண்டி என்று யாரும் மறித்துவிடக் கூடாதே என்பதற்காக ‘வேலைநிறுத்தக் குழுவின் அனுமதியுடன்’ என்று எழுதிய அட்டை ஒன்றை அந்த வண்டிகளில் மாட்டினார்கள். தொழிலாளிக்கு அது ஒரு பாதுகாப்பு. பணக்கார வின்னிபெக்குக்கோ அதைப் பார்த்ததும் ரத்தம் கொதித்தது. ஊரில் பால் ஓடுவதற்கு அனுமதி கொடுக்க இவர்கள் யார், ரஷ்யாவில் நடந்தது இங்கேயும் நடக்கிறது என்று கூச்சல் எழுந்தது. சில நாட்களிலேயே அட்டைகளை எடுத்துவிட்டார்கள். கூச்சல் ஓயவில்லை. என்னைக் கேட்டால், துப்பாக்கியைவிட அந்த அட்டைதான் அவர்களை அதிகம் அச்சுறுத்தியது. நகரத்தை யார் ஓட்டுகிறார்கள் என்ற உண்மையை அது எல்லோரும் பார்க்கும்படி எழுதிக் காட்டிவிட்டது.

தண்ணீர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். குழாயை அடைக்கவில்லை, அழுத்தத்தை மட்டும் 30 பவுண்டுக்குக் குறைத்தார்கள். தரைத்தளத்தில் வசிப்பவருக்குத் தண்ணீர் வரும், மாடிக் குளியலறைக்கு ஏறாது. அந்தத் தண்ணீரே அந்த ஆண்டுதான், 150 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஷோல் ஏரியிலிருந்து புதிதாகக் கட்டிய கால்வாய் வழியாக ஊருக்கு வந்திருந்தது. கால்வாய் வெட்டியதில் ஷோல் லேக் 40 என்ற பூர்வகுடிச் சமூகம் நிலத்தொடர்பு அறுந்து தீவாகிப்போனது. அவர்களுக்குச் சாலை கிடைத்தது 2019இல். தங்கள் வீட்டுக் குழாயில் நல்ல குடிநீர் வந்தது 2021இல். வேலைநிறுத்தம் செய்தவர்களின் கோரிக்கைப் பட்டியலிலும் அவர்கள் இல்லை, எதிர்த்தவர்களின் கவலையிலும் இல்லை. இந்த ஊரில் கோடுகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகக் கிடக்கின்றன.

சனி

இன்று சனிக்கிழமை. மெயின் தெருவில் மார்க்கெட் அவென்யூ சேரும் இடத்தில், பான்டேஜஸ் தியேட்டருக்கு முன்னால் ஒரு டிராம் சாய்ந்து நிற்கிறது. இரும்புத் தகட்டில் செய்த டிராம். ஒரு பக்கம் தரைக்குள் புதைந்து, மறுபக்கம் தூக்கிக்கொண்டு, கவிழப்போகிற கணத்தில் உறைந்துபோயிருக்கிறது. நூறாவது ஆண்டில், 2019 ஜூன் 21 அன்று திறந்துவைத்த நினைவுச் சின்னம். கலைஞர் பெர்னி மில்லரும் திரைப்பட இயக்குநர் நோம் கோனிக்கும் உருவாக்கியது. துருவின் சிவப்பு மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப ஓரிடத்தில் கறுத்தும் ஓரிடத்தில் ஆரஞ்சாகவும் இருக்கிறது. சரிவில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தேன், தகடு வெயிலில் நன்றாகச் சூடேறியிருந்தது.

இங்கே படிக்கும் தமிழ்நாட்டு மாணவர் ஒருவர், நண்பர் மூலம் அறிமுகமானவர், காலையில் வந்து சேர்ந்துகொண்டார். “அண்ணா, ரெண்டு வருஷமா பஸ்ல இந்த வழியாத்தான் போறேன். ஏதோ ஆக்சிடென்ட் ஆன டிராமை அப்படியே விட்டுட்டாங்கன்னு நெனச்சேன்” என்றார். “ஆக்சிடென்ட் இல்ல தம்பி, வா சொல்றேன்” என்று உட்காரவைத்தேன்.

ஜூன் மாதம் பிறந்தபோது நகர நிர்வாகம் பொறுமையிழந்தது. இனி வேலைநிறுத்தத்தில் சேர மாட்டோம் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னது போலீஸ்காரர்களிடம். மறுத்தவர்கள், அதாவது ஏறத்தாழ மொத்தப் படையும், ஜூன் 9 அன்று வேலைநீக்கம். அந்த இடத்துக்கு ‘ஸ்பெஷல்’ போலீஸ் என்று தற்காலிக ஆட்களை எடுத்தார்கள். நாளுக்கு 6 டாலர் சம்பளம், நீக்கப்பட்ட போலீஸ்காரர் வாங்கியதைவிட அதிகம். கையில் பேஸ்பால் மட்டையும் வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலும். ஜூன் 17 அதிகாலையில் தலைவர்களின் வீடுகளில் புகுந்து கைது செய்தார்கள்.

அந்தக் கைதுகளை எதிர்த்து, போரிலிருந்து திரும்பிய வீரர்கள் ஜூன் 21 அன்று மௌன ஊர்வலம் அறிவித்தார்கள். மேயர் சார்லஸ் கிரே ஊர்வலங்களுக்குத் தடை போட்டிருந்தார். மதியம் மெயின் தெருவில் கூட்டம் நிரம்பியிருந்த வேளையில், கருங்காலிகள் ஓட்டிய ஒரு டிராம் அந்தக் கூட்டத்துக்குள் வந்தது. கம்பியிலிருந்து அதன் கழியைக் கழற்றினார்கள். கண்ணாடியை உடைத்தார்கள். இருபுறமும் பிடித்து ஆட்டினார்கள். கவிழவில்லை. உள்ளே இருக்கைகளுக்குத் தீ வைத்தார்கள்.

கலைந்து போகாவிட்டால் நடவடிக்கை என்று எச்சரிக்கும் கலகத் தடைச் சட்டத்தை மேயர் வாசித்தார். குதிரைப் போலீஸ் கூட்டத்துக்குள் பாய்ந்தது, முதலில் தடியோடு, பிறகு கைத்துப்பாக்கியோடு. மைக் சொகோலோவ்ஸ்கி என்ற தகரத் தொழிலாளி நெஞ்சில் குண்டு பாய்ந்து தெருவிலேயே இறந்தார். ஸ்டீவ் ஷெர்பனோவிச்சின் கால்களில் குண்டு. காயம் அழுகி, சில நாளில் அவரும் போய்விட்டார். ஏராளமானோருக்குக் காயம். மாலையில் இயந்திரத் துப்பாக்கி பொருத்திய ராணுவ வண்டிகள் இந்தத் தெருவில் ரோந்து சுற்றின. அடுத்த வியாழக்கிழமை, ஜூன் 26, காலை 11 மணிக்கு வேலைநிறுத்தம் முடிந்தது. பலரைத் திரும்ப வேலைக்கு எடுக்கவில்லை.

மாணவர் டிராமைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து கேட்டார்: “அந்த ரெண்டு பேரும் தலைவர்களா அண்ணா?” இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில்தான் மதியம் நான் போன இடம்.

மெயின் தெருவில் வடக்கே நடந்தால் கனடியன் பசிபிக் ரயில்வேயின் பழைய ஸ்டேஷன் வருகிறது. இன்று அது பூர்வகுடி மக்களின் சமூக மையம். அதைத் தாண்டியதும் தண்டவாளங்களுக்குக் கீழே இருண்ட சுரங்கப்பாதை. ஏறி வெளியே வந்தால் நார்த் எண்ட். தண்டவாளத்துக்குத் தெற்கே வங்கிகளும் வியாபாரமும். இன்னும் தெற்கே, ஆற்றுக்கு அப்பால், பெரிய வீடுகள் கொண்ட கிரசன்ட்வுட். வடக்கே உக்ரேனியர், யூதர், போலந்துக்காரர், ஜெர்மானியர். பட்டறைகளிலும் ரயில்வேயிலும் குறைந்த கூலிக்கு மாரடித்தவர்கள் அவர்கள்.

போரின்போது உக்ரேனியர்களில் பலர் ஆஸ்திரிய-ஹங்கேரியக் குடிமக்கள் என்ற ஒரே காரணத்தால் ‘எதிரி அந்நியர்’ ஆனார்கள். கனடா முழுவதும் சுமார் 80,000 பேர் காவல்துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. 8,500க்கும் மேற்பட்டோர் முகாம்களில் அடைபட்டார்கள். போர் முடிந்ததும் இது நின்றுவிடவில்லை. 1919 ஜனவரியில், வேலை கிடைக்காத போர்வீரர்களின் கும்பல் ஒன்று இந்த ஊரில் அந்நியர்களைத் தேடித் தேடி அடித்தது. சோசலிஸ்ட் பேச்சாளர் சாம் புளூமன்பர்க்கின் சலவைக் கடையை நொறுக்கி, அவர் மனைவியைக் கொடிக்கு முத்தமிடச் செய்தது. இது நடந்து நான்கே மாதத்தில் அதே வீரர்களில் பெரும்பகுதி வேலைநிறுத்தக்காரர்களின் பக்கம் வந்து நின்றார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். கோடு அழியத் தொடங்கியிருந்தது. அதனால்தான் எதிர்த்தரப்பு அதை மீண்டும் அழுத்திப் போட அவ்வளவு பாடுபட்டது. ‘ஆயிரவர் குழு’ என்று அழைத்துக்கொண்ட பணக்காரர்களின் அமைப்பு நடத்திய பத்திரிகை, இது நம் தொழிலாளியின் போராட்டமே அல்ல, அந்நியர்களின் சதி என்று திரும்பத் திரும்ப எழுதியது.

பிரிட்சர்ட் அவென்யூவில் உக்ரேனியத் தொழிலாளர் மாளிகை. 1919 தொடக்கத்தில் திறந்தது. தொழிலாளர்கள் காசு போட்டும், காசு இல்லாதவர்கள் உடலுழைப்பைப் போட்டும் கட்டியது. முகப்பின் உச்சியில் உலக உருண்டைக்கு மேல் இரண்டு கைகள் பற்றிக்கொண்டிருக்கும் சிற்பம். உள்ளே மேடையும் மாடமும் கொண்ட அரங்கம். சொல்லிவைத்திருந்ததால் ஒரு பெரியவர் கதவைத் திறந்துவிட்டார். சிறுவனாக இந்த மேடையில் நடனமாடியிருக்கிறேன் என்றார். மேடைப் பலகையில் காலால் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார், அரங்கம் முழுக்க எதிரொலித்தது. ஜூன் 17 அதிகாலையில் போலீஸ் புகுந்து கலைத்துப் போட்ட இடங்களில் இதுவும் ஒன்று. 1940இல், அடுத்த உலகப் போரில், அரசு இந்த அமைப்பைத் தடைசெய்து கட்டடத்தையும் பறித்துக்கொண்டது. பிறகுதான் திருப்பிக் கொடுத்தது. இப்போது தேசிய வரலாற்றுச் சின்னம்.

அங்கே நின்றபோது பெரம்பூர் நினைவுக்கு வந்தது. போர்க்கால விலைவாசி சென்னையையும் பிழிந்தெடுத்தது. 1918 ஏப்ரலில் பி.பி.வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோர் முயற்சியில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1921இல் பக்கிங்ஹாம் - கர்நாட்டிக் ஆலைகளில் நடந்த நீண்ட போராட்டம் சாதி வழியே பிளந்தது, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அங்கே சாதிக்கோடு, இங்கே நாட்டுக்கோடு. ஆலைக்குள் ஒரே சங்குக்கு வேலைக்குப் போனவர்கள், வெளியே வந்ததும் அந்தக் கோட்டின் இருபுறமும் நின்றார்கள்.

ஞாயிறு

காலையில் செவ்வாற்றங்கரைக்குப் போனேன். வேலைநிறுத்தக் காலத்தில் இங்கே விக்டோரியா பூங்கா இருந்தது. தினமும் கூட்டம் நடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மெதடிஸ்ட் போதகராக இருந்த வில்லியம் ஐவன்ஸின் ‘தொழிலாளர் தேவாலயம்’ ஆயிரக்கணக்கானோரை இங்கே கூட்டியது. போரை எதிர்த்ததால் தன் திருச்சபையின் மேடையை இழந்தவர் அவர். வேலைநிறுத்தம் முடிந்த சில ஆண்டுகளில் பூங்கா போய் நீராவி நிலையம் வந்தது. இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நடைபாதையும். ஒரு மரத்தடியில் கொசுக்கடிக்கு நடுவே உட்கார்ந்து ஹெலன் ஆம்ஸ்ட்ராங்கைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஹெலன், பெண்கள் தொழிலாளர் லீக்கின் தலைவி. தொலைபேசிப் பெண்களும் கடைப் பெண்களும் ஹோட்டல் பணிப்பெண்களும் வாங்கிய சம்பளத்தில் சேமிப்பு என்று எதுவும் இருக்க வழியில்லை. வேலைநிறுத்தம் தொடங்கிய ஒரு வாரத்தில் அவர்களுக்கு வாடகையும் இல்லை, சாப்பாடும் இல்லை என்றாகிவிடும். ஹெலனும் தோழியரும் ‘லேபர் கஃபே’ திறந்தார்கள். வேலைநிறுத்தம் செய்யும் பெண்களுக்குச் சாப்பாடு இலவசம், ஆண்கள் கொடுக்க முடிந்ததைக் கொடுக்கலாம். நாளுக்குச் சுமார் 1,500 சாப்பாடு போட்டார்கள். அறை வாடகைக்கும் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். தலைவர்கள் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோது வேலைநிறுத்தத்தைத் தாங்கிப் பிடித்தது அந்த அடுப்புதான் என்று நான் நம்புகிறேன். அவர் கணவர் ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் கைதானார். ஹெலனையும் சிறைபிடித்தார்கள், வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

மதியம் புரூக்சைடு கல்லறைத் தோட்டம். விமான நிலையத்துக்கு அருகே, கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப் புல்வெளி. போர்வீரர்களுக்கென்று தனிப்பகுதி இருக்கிறது. ஒரே அளவில் வெள்ளைக் கற்கள், அளவெடுத்த வரிசை, நன்றாகப் பராமரிக்கிறார்கள். முதல் உலகப் போரில் மாண்டவர்களும் அதில் இருக்கிறார்கள். அதே தோட்டத்தில்தான் மைக் சொகோலோவ்ஸ்கியும் இருக்கிறார். எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் புதைகுழிக்கு மேல் கல்லே கிடையாது. இந்த நூற்றாண்டில்தான் ஒரு கல் நட்டார்கள். கைது செய்யப்பட்ட தலைவர்களின் படம் எல்லாப் பாடநூலிலும் உண்டு. அன்று தெருவில் சுடப்பட்டு இறந்தவர்கள் இருவரும் கிழக்கு ஐரோப்பியப் பெயர் கொண்டவர்கள். தலைவர்களுக்காக நிதி திரண்டது, கூட்டங்கள் நடந்தன, அவர்கள் பெயரில் பள்ளிகூட வந்தது. உயிரை விட்டவருக்கு ஒரு கல் வைக்க அவ்வளவு காலம் பிடித்தது என்பதை நினைத்து இன்று முழுக்க மனம் ஆறவில்லை.

திங்கள்

வின்னிபெக்கைத் தலைநகராகக் கொண்ட மனிடோபா மாகாணத்தின் சட்டமன்றம். குவிமாடத்தின் உச்சியில் ‘கோல்டன் பாய்’, கையில் தீப்பந்தமும் கோதுமைக் கதிர்க்கட்டுமாக ஓடும் பொன்முலாம் பூசிய இளைஞன். பாரிஸில் வார்த்த சிலை. ஏற்றி வந்த கப்பலைப் போருக்குப் பிடித்துக்கொண்டதால் கப்பலடியிலேயே பலமுறை அட்லான்டிக்கைக் கடந்துவிட்டு, 1919 நவம்பரில்தான் உச்சியில் ஏறினான். அதற்குச் சில மாதங்கள் முன்னால், மே 31 அன்று, முன்னாள் வீரர் ரோஜர் பிரேயின் தலைமையில் சுமார் பத்தாயிரம் பேர் இங்கே திரண்டு வந்து மாகாண முதல்வர் நாரிஸிடம் கூட்டுப் பேரத்துக்குச் சட்டம் கேட்டார்கள். நாரிஸ் நடுநிலை என்றார்.

நடுவண் அரசு அந்த அளவுகூட இல்லை. அமைச்சர்கள் ஆர்தர் மீகனும் கிடியன் ராபர்ட்சனும் வின்னிபெக் வந்தபோது ஆயிரவர் குழுவின் சொல்லைத்தான் கேட்டார்கள், வேலைநிறுத்தக் குழுவைச் சந்திக்கவில்லை. ஜூன் 6 அன்று குடியேற்றச் சட்டத்தில் ஒரு திருத்தம். பிரிட்டனில் பிறந்தவர்களையும் விசாரணை இல்லாமல் நாடு கடத்தலாம். இரு அவைகளிலும் நிறைவேறி ஒப்புதலும் பெற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தலைவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனில் பிறந்தவர்கள், அவர்களைக் குறிவைத்தே இந்த அவசரம். கடைசியில் எதிர்ப்புக்கு அஞ்சி அதை அவர்கள்மேல் பயன்படுத்தவில்லை. நடுவர் குழுவுக்கு (ஜூரி) முன் வழக்கு நடத்தினார்கள். அரசுத் தரப்பில் வாதாடிய ஏ.ஜே. ஆண்ட்ரூஸ், ஆயிரவர் குழுவில் முன்னணியில் நின்றவரே. ஆர்.பி. ரஸ்ஸலுக்கு இரண்டாண்டு சிறை. ஐந்து பேருக்கு ஓராண்டு. பிரேக்கு ஆறு மாதம். ஏ.ஏ. ஹீப்ஸ் விடுதலை. தன் வழக்கைத் தானே வாதாடிய ஃபிரெட் டிக்ஸனும் விடுதலை. மாகாண அரசு அமைத்த ராப்சன் ஆணையம், இது ஆட்சிக் கவிழ்ப்புச் சதி அல்ல, விலைவாசியும் குறைந்த கூலியும் கூட்டுப் பேர மறுப்புமே காரணம் என்று எழுதியது. சிறைக் கதவு அதனால் திறக்கவில்லை.

1920 ஜூனில் மாகாணத் தேர்தல். ஐவன்ஸ், ஜான் குவீன், ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் மூவரும் சிறையில் இருந்தபடியே வென்றார்கள். பார்வையாளர் மாடத்திலிருந்து அவையைப் பார்க்கும்போது, குதிரைலாட வடிவில் வளைந்த அந்த இருக்கைகளுக்குச் சிறையிலிருந்து நேரே வந்து உட்கார்ந்தவர்களை நினைத்து மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. குவீன் பின்னாளில் இந்த ஊருக்கே மேயரானார். ஐவன்ஸுக்குப் பிறகு வேலைநிறுத்தப் பத்திரிகையை நடத்திக் கைதான ஜே.எஸ். உட்ஸ்வொர்த் 1921இல் நாடாளுமன்றம் போனார். 1927இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்ததில் அவருக்கும் ஹீப்ஸுக்கும் பெரும் பங்கு.

உலோகத் தொழிலாளர்கள் 1919இல் கேட்டது? அதற்கு இன்னொரு போர் தேவைப்பட்டது. 1944 பிப்ரவரியில்தான், தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த சங்கத்தோடு முதலாளி பேசியே ஆக வேண்டும் என்று கனடாவில் ஆணை வந்தது. அந்தப் போரும் முடிந்தபின் 1945இல் விண்ட்சரில் ஃபோர்டு தொழிலாளர்கள் 99 நாள் நின்று, சங்கச் சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துச் சங்கத்துக்குத் தரும் முறையை 1946இல் பெற்றார்கள். இருபத்தைந்து ஆண்டு தாமதம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஒரு தகரத் தொழிலாளியின் வேலைக்காலம் ஏறத்தாழ அவ்வளவுதான்.

இந்த வழக்கும் தேர்தலும் பெரும்பாலும் பிரிட்டனில் பிறந்தவர்களின் கதை. அவர்களுக்கு வழக்கறிஞர் இருந்தார், நடுவர் குழு இருந்தது, பேச்சு அச்சேறியது, தேர்தல் வந்தது. ஜூன் 17 அதிகாலையில் அவர்களோடு கைதான அந்நியர்களுக்குக் குடியேற்ற வாரியத்தின் விசாரணைதான். நடுவர் குழு கிடையாது. ஜூன் 21 அன்று தெருவில் பிடிபட்ட அந்நியர்களில் ஒரு கூட்டத்தை மாஜிஸ்திரேட் ஹியூ ஜான் மெக்டொனால்ட் ஒன்றாரியோவின் வடக்குக் காட்டில் இருந்த கப்புஸ்கேசிங் முகாமுக்கு அனுப்பினார். போர்க்காலத்தில் ‘எதிரி அந்நியர்’களை அடைக்கத் திறந்த முகாம் அது. போர் முடிந்து ஏழு மாதம் ஆகியும் மூடவில்லை. அங்கிருந்து நாடு கடத்தல்.

முகாம் இருந்த இடத்தில் இப்போது கைதிகளின் கல்லறைகளும் ஒரு நினைவுச் சிலையும் மிஞ்சியிருக்கின்றன. டொரண்டோவிலிருந்து நெடுஞ்சாலை 11 வழியாகக் காரில் போகலாம், தூரம் அதிகம். பனி விழுவதற்கு முன், செப்டம்பரில் போகிறேன். அங்கிருந்தும் எழுதுவேன்.